தக்கா என்ற ஒரு சொல்

“ஓய் பாய், பண்டி சரகோ! ஆம்புலன்ஸ் பர்த்தாயிதே. ஜல்தி ஓரங்கட்டு, அப்புறம் பேசலாம்!”

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்கு எதிரே பெண் தலைமைக் காவலரான பவுலின் கத்தும்போது தக்கிணி உருது, கன்னடம், தமிழ் மூன்றும் ஒரே மூச்சில் வரும். கொய்யாப்பழ வண்டி உடனே நகர்ந்துவிடும். ஜீவனஹள்ளிக்காரர், இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். வெயிலுக்குக் காலருக்குள் ஈரக் கைக்குட்டை. யாரைக் கண்டாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் முதல் கேள்வி, “ஊட்டா ஆச்சா?” பிடிபட்ட திருடனிடமும் அதே கேள்விதான்.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டருக்கு இது ஆகவில்லை. “ஸ்டேஷனில் சந்தைப் பேச்சு கூடாது” என்று சொல்லி ஒரு மெமோவும் கொடுத்துவிட்டார்.

போன மாதம், தொலைந்த கைபேசிக்காக அங்கே போயிருந்தேன். எனக்கு முன்னால் துணிக்கடையில் வேலை பார்க்கும் முபீன்தாஜ். வலது கையில் மாவுக்கட்டு. முதலாளியின் மகன்மேல் புகார். “லீவு கேட்டேங்க்கா. மாடிப்படியில தக்கா தியா. பித்துபிட்டேன்.”

தக்கா தியா என்றால் தள்ளினான். ஆனால் புகார் எழுதிய காவலர் விழுந்ததைக் குறிக்கும் ‘பித்து’ என்ற கன்னடச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘கால் தவறி விழுந்தேன்’ என்று எழுதினார். கைநாட்டுக்கு மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

பவுலின் அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தார். “நக்கோ தாஜ், வைக்காதே. நீ சொன்னது இதில இல்ல.”

சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். “சுத்தமான கன்னடம். என்ன குறை இதில்?”

“கன்னடம் சுத்தம்தான், சார். தள்ளினவனையும் சேர்த்துச் சுத்தமாத் துடைச்சிருக்கு.” அதை அவரைவிட நல்ல கன்னடத்தில் சொன்னார் பவுலின்.

“இன்னொரு மெமோ வேண்டுமா?”

“குடுங்க சார். வாசிச்சுக் காட்டாம கைநாட்டு வாங்கறதைத் தடுத்தேன்னு அதிலயே எழுதிடுங்க.”

இன்ஸ்பெக்டர் தாளைக் கிழித்துப் போட்டார். பவுலினே உட்கார்ந்து வேறு எழுதினார். ‘தக்கா தியா’ என்று அவள் சொன்னபடியே மேற்கோளில் வைத்தார்.

“வாசிப்பதென்றால் கதவைச் சாத்திக்கொண்டு வாசி,” என்றார் இன்ஸ்பெக்டர். வெளியே ஏற்கெனவே ஆட்கள் நின்றிருந்தார்கள்.

பவுலின் எழுந்து போய், வாசலில் மூடியிருந்த மற்றொரு பக்கக் கதவையும் திறந்து கொக்கி மாட்டினார். வாசலில் நின்றபடியே உரக்க வாசிக்கத் தொடங்கினார்.