தலைக்கு மேல் எழாத கை

போன வெள்ளிக்கிழமை நானும் என் மனைவி பாக்கியமும் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம்.

இதையும் பேப்பரில் எழுதவேண்டுமா என்று கேட்பீர்கள். எழுதத்தான் வேண்டும். பாக்கியம் அந்தக் கோயில் வாசலை மிதித்து ஏழு மாதம்!

நான் எதற்கும் பயப்படுகிறவன் என்பது இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். நாய் குரைத்தால் பயம். குரைக்காவிட்டால் அதைவிடப் பயம். ஆனால் பயப்படவேண்டிய இடத்தில் மட்டும் கோட்டைவிட்டேன்...

மாசி மாதம் அவளுடைய கண்ணிமைகள் இரண்டும் கத்தரிப்பூ நிறமாயின.

"அழுதனீரோ?" என்று கேட்டேன்.

"உங்களைக் கட்டின அண்டைக்கே அழுது முடிச்சிட்டன்" என்றாள்.

யாழ்ப்பாணத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் களிம்பு வாங்கிப் பூசினாள். நிறம் போகவில்லை. பிறகு தலைவாரிவிடப் பக்கத்து வீட்டுப் பெட்டையைக் கூப்பிட்டாள். கிணற்றடியில் வாளி தூக்க என்னைக் கூப்பிட்டாள். வயது நாற்பதாகிறது, களைப்பாக்கும் என்று இருந்துவிட்டேன்.

அப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அயல்வீட்டுக் கணபதி அண்ணை என்னை ஒரு பக்கமாய்க் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, கேக்கிறனெண்டு குறை நினையாதை. உன்ரை மனுசி வேதத்திலை சேர்ந்திட்டாவோ?"

"என்னண்ணை விசர்க்கதை?"

"தீபம் காட்டேக்கை எல்லாரின்ரை கையும் தலைக்கு மேலை. அவவின்ரை கை மட்டும் நெஞ்சோடை நிக்குது. மூண்டு வெள்ளியாய்ப் பாக்கிறன். மிஷன் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தவவாம்..."

பாக்கியம் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டாளோ என்றல்லவா கேட்கிறார்! ஊர் ஒதுக்கிவைத்தால்? ஐயர் வாசலில் மறித்தால்?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். "இஞ்சாரும், உண்மையைச் சொல்லும். ஏன் கோயிலிலை கையைத் தூக்கிக் கும்பிடுறேல்லை?"

பாக்கியம் சிரிக்கவில்லை.

"தூக்கினால் வருகுதில்லையப்பா. ரண்டு தோளிலையும் ஆரோ அம்மியைக் கட்டிவிட்ட மாதிரிக் கிடக்கு. நீங்கள் பயப்பிடுவியள் எண்டுதான் சொல்லேல்லை."

கேட்டீர்களா? நான் பயப்படுவேன் என்று பயந்து, ஒருத்தி மூன்று மாதம் வருத்தத்தை மறைத்திருக்கிறாள்! வீட்டில் ஒரு பயந்தாங்கொள்ளி இருந்தால் மற்றவர்களுக்கு நோய் வரவும் வழியில்லை...

அடுத்த நாளே பஸ் ஏறினோம். அதே மிஷன் ஆஸ்பத்திரிதான் — ஊர் என்ன சொன்னால் என்ன? இந்தமுறை ஒரு டொக்டரம்மா பார்த்தார். இமைகளைப் பார்த்தார். விரல் மூட்டு மொளிகளில் சிவந்திருந்த தடிப்புகளைத் தடவினார்.

"கோயிலிலை கும்பிடுற மாதிரிக் கையைத் தூக்குங்கோ."

கை நெஞ்சைத் தாண்டவில்லை.

"கதிரையைப் பிடியாமல் எழும்புங்கோ."

எழும்ப முடியவில்லை.

"சாப்பிடேக்கை புரைக்கேறுதோ? தண்ணி மூக்காலை வருகுதோ?"

"இல்லை" என்றாள் பாக்கியம். டொக்டரம்மா நிம்மதியாய் மூச்சுவிட்டதை நான் கண்டேன். அவரே பயந்திருக்கிறாரென்றால் என் நிலைமை எப்படி?

நீளமான ஒரு பெயர் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வாயில் அது நுழையவில்லை. தோலும் தசையும் ஒன்றாய் அழலுகிற வருத்தமாம். ஏன் வருகிறதென்று இன்னும் ஒருவருக்கும் தெரியாதாம்.

"மருந்து?" என்றேன்.

"இதுக்கெண்டு ஒரு மருந்து எங்களிட்டை இல்லை. படுக்கையிலை ஓய்வாய் இருக்கோணும். வெயில் படக்கூடாது. பாலும் பயறும் நல்லாய்க் குடுங்கோ. நோவு குறைஞ்சாப் பிறகு கை காலை மெல்ல மெல்ல அசைச்சுப் பழக்கலாம். தானாய்ச் சுகம் வாற ஆக்களும் இருக்கினம். சில பேருக்கு..."

அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை. ஏழு மாதமாய் நான்தான் அதை விதம்விதமாய் முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோற்றைக் குழைத்துக் கொடுத்துவிட்டு அவள் தொண்டையையே பார்ப்பேன். "நீங்கள் பாக்கிற பார்வையிலைதான் எனக்குப் புரைக்கேறப்போகுது" என்று ஏசுவாள். கோயிலுக்குப் போகாதது ஊருக்கு நல்ல வசதி. அவள் வேதத்தில் சேர்ந்துவிட்டாள் என்று சந்தேகம் தீர்ந்தே போயிற்றாம்!

கை எட்டும் உயரத்தைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்தேன். ஆவணி வரை ஒரே கோடு. ஐப்பசியில் தோள்மட்டம். கார்த்திகையில் காது.

உங்கள் வீட்டிலும் யாராவது தலைவார ஆள் தேடினால், சோம்பல் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை ஐயர் தீபம் காட்டினார். மணி அடித்தது. பாக்கியத்தின் கை நெஞ்சைத் தாண்டியது. நாடி... நெற்றி... அங்கே நின்று நடுங்கியது. பிறகு ஒரு விரற்கடை — இன்னொரு விரற்கடை — உச்சிக்கு மேலே போய்விட்டது!

வெளியே கணபதி அண்ணை காத்து நின்றார். சந்தோஷம் சொல்லத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன்.

"அவவை விடு தம்பி. தீபம் காட்டேக்கை உன்ரை கை ரண்டும் தொங்கிக்கொண்டல்லோ நிண்டது. நீ எப்ப வேதத்திலை சேர்ந்தனி?"