'இல்லீகல்' என்று சொன்ன கம்ப்யூட்டர்

சேத்தூர் கருத்தம்மா கம்ப்யூட்டர் வகுப்புக்கு வராமல் நின்ற வாரத்தில், அவளுடைய அப்பா சீனிச்சாமி போலீஸ் யூனிஃபார்மோடு மாடிப்படி ஏறி வந்தார். ஏட்டு. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னதற்கு, பூட்ஸோடு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"எம்மக உள்ள என்ன தப்புப் பண்ணுனா? மறைக்காமச் சொல்லுங்க."

ராஜபாளையத்தில் வைகுண்டராஜ் நடத்திய சென்டர் அது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம். ஊரில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்களே குறைவு. அங்கே சொல்லிக்கொடுத்தவள் கிருபாபாய். மதுரையில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனாள்.

"அவ ஒரு தப்பும் பண்ணலையே, ஏட்டையா."

"பொறவு எதுக்கு 'இல்லீகல்'னு எழுதி வந்துச்சு? புள்ளை ரெண்டு நாளாச் சோறு திங்கல. கேட்டா அழுதா."

கிருபாபாய்க்கு அப்போதுதான் விளங்கியது. கருத்தம்மா ஒரு மைனஸ் எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டிருக்கிறாள். 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழியில் அப்படிக் கேட்டால் 'இல்லீகல் ஃபங்ஷன் கால்' என்று திரையில் வரும். ஆகாத கணக்கைக் கேட்டுவிட்டாய் என்பதுதான் பொருள். போலீஸ்காரர் மகள் அதைச் சட்டவிரோதம் என்று படித்துவிட்டாள்.

"அது சும்மா வாரதுதான், ஏட்டையா. எல்லாருக்கும் வரும்."

"சும்மா வாரதுக்கு அந்த வார்த்தை எதுக்கு டீச்சர்? எங்க ஸ்டேஷன்ல அதைச் சும்மா எழுத மாட்டோம்."

அவர் நம்பாமலேயே இறங்கிப் போனார். கிருபாபாயால் அந்தக் கேள்வியைத் தாண்ட முடியவில்லை. மறுநாள் வகுப்பில் மாணவர்களின் முகத்தையே கவனித்தாள். பிழை வந்ததும் ஒருத்தி விசைப்பலகையிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தாள். தனுஷ்கோடி என்ற பையன் திரையை உடம்பால் மறைத்துக்கொண்டான். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் படிக்கவில்லை.

அந்த வாரமே அவள் ஒரு வேலை செய்தாள். மாணவர்கள் எழுதும் புரோகிராமின் கடைசியில் தானே சில வரிகளைச் சேர்த்தாள். பிழை வந்தால் கம்ப்யூட்டர் தன் வழக்கமான வாசகத்தைக் காட்டாமல் அந்த வரிகளுக்குப் போகும். அங்கே அவள் எழுதிவைத்த தமிழ் வரும். தமிழ் எழுத்து அந்த மிஷினில் வராது என்பதால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தாள். 'நீ முப்பதாம் வரியில் தப்புச் செய்தாய். ஒரு சொல்லைப் பிசகாக அடித்தாய்.'

பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தாள். அவர்களோ மிரண்டார்கள். தனுஷ்கோடி மேஜைக்கு அடியில் குனிந்து, டீச்சர் மேஜையிலிருந்து ஒயர் ஏதும் வருகிறதா என்று பார்த்தான். "டீச்சர் அங்கன உக்காந்து நம்மளப் பாத்துப் பாத்து டைப் அடிக்காவ" என்று வகுப்பு முழுக்கக் கிசுகிசு. பேச்சு வைகுண்டராஜ் காதுக்குப் போனது. வந்த வேகத்தில் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொன்னார்.

"ஏமி இதி?" என்று தன் வீட்டுத் தெலுங்கில் ஆரம்பித்தார். "என்ன இது? கம்ப்யூட்டர் தமிழ் பேசுதாம்ல! வைரஸ் வந்துருச்சா?"

"வைரஸ் இல்ல சார். நான் எழுதுனது."

அது அவருக்கு இன்னும் மோசமாகப் பட்டது. "எங்கிட்டக் கேக்காம உள்ள கைய வச்சியா? உங்க ஊர்ல புதுசா ஒரு சென்டர் தொறக்கப் போறாங்களாமே. அவங்களுக்காக இங்க ஒத்திகை பாக்கியா?"

கிருபாபாய் ஒரு மிஷினை மட்டும் மறுபடி போட்டாள். "நீங்களே உக்காந்து அடிச்சுப் பாருங்க சார்" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். ஒற்றை விரலால், 'ஏ' என்ற எழுத்துக்குச் சமமாகத் தன் பெயரை அடித்தார். எண் மட்டுமே ஏற்கும் இடம் அது. திரையில் வந்தது: 'நீ இருபதாம் வரியில் தப்புச் செய்தாய். எண் வைக்கும் இடத்தில் பெயரை வைத்தாய்.'

"என்னையவா சொல்லுது?" நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "எம்பேரத் தப்புங்குதா? யாரு இந்த 'நீ'?"

அந்தக் கோபத்தைப் பார்த்ததும்தான் கிருபாபாய்க்கு உறைத்தது. இங்கிலீஷ் வாசகம் செய்ததையேதான் தன் தமிழும் செய்திருக்கிறது. பிழையைச் சொல்வதை விட்டுவிட்டு ஆளைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறது. "மாத்திடுறேன் சார்" என்றாள். வாதாடாமல் ஒப்புக்கொண்டதில் அவருக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. மூலையில் இருந்த ஒரே ஒரு மிஷினில் மட்டும் செய்துகொள்ளச் சொன்னார். ஒவ்வொரு வாசகத்தையும் முதலில் தனக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

படித்துக் காட்டினாள். 'இருபதாம் வரி. இந்த இடம் எண்ணுக்கு. பெயர் வைக்க, ஏ-க்குப் பக்கத்தில் டாலர் குறி போடுங்கள்.' அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"சரி. பரீட்சைல இங்கிலீஷ்லதான வரும்? அப்ப இந்தப் புள்ளைக முழிக்குமே, அதுக்கு என்ன பண்ணுவ?"

குறை கண்டுபிடிக்கவே கேட்கிறார் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. பஸ்ஸில் யோசித்தபடி போனவளுக்கு, கேள்வி சரிதான் என்று தோன்றியது. அதன்பிறகு மேலே மிஷினின் இங்கிலீஷ் வாசகம், கீழே தமிழ் என்று இரண்டும் வரும்படி எழுதினாள்.

சேத்தூருக்குச் சொல்லியனுப்பினாள். சீனிச்சாமி மகளோடு வந்து, இந்த முறை பூட்ஸைக் கழற்றிவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"அன்னைக்கு அடிச்சதையே அடி பாப்பம்" என்றார்.

கருத்தம்மா ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். 'இல்லீகல்' வந்தது. அவள் தோள் குறுகியது. கீழே அடுத்த வரி வந்தது. எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள்: "மைனஸ் எண்ணுக்கு இங்கே வர்க்கமூலம் கிடையாது. எண்ணை மாற்றிப் பாருங்கள்."

"அம்புட்டுத்தானா?" என்றாள் கருத்தம்மா. எண்ணை மாற்றினாள். விடை வந்தது.

சீனிச்சாமி குனிந்து, அந்த வரியைத் தானும் ஒருமுறை படித்தார். "பாருங்கன்னு மரியாதையாத்தான் சொல்லுது" என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் போகிறபோது கிருபாபாயைத் தனியாகக் கூப்பிட்டு, இதெல்லாம் எங்கேயாவது பதிவாகுமா, பின்னால் யாரும் எடுத்துப் பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினார்.

மறு வருஷம் எல்லா மிஷினிலும் அந்த வரிகள் ஏறின. கருத்தம்மா பரீட்சையில் தேறி, அதே சென்டரில் காலை வகுப்பு எடுக்க வந்தாள். கிருபாபாய் எழுதியவற்றில் அவளுக்குப் புரியாத ஒரு வாசகம் இருந்தது. வந்த முதல் நாளே அதைக் காட்டி, "அக்கா, இதைக் கொஞ்சம் மாத்துவமா?" என்று கேட்டாள். இருவரும் உட்கார்ந்து மாற்றினார்கள்.