சிவப்பு அட்டையின் பின்பக்கம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் குழந்தைகளுக்குப் புதையல் வேட்டை நடந்தது. நடந்தது என்பதைவிட அனுமதிக்கப்பட்டது என்பதே பொருத்தம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் அனுமதித்தவள் நான். பெற்றோர் கையெழுத்து வேண்டும், லிஃப்டுக்குள் ஓடக் கூடாது, செடியை மிதிக்கக் கூடாது, சுவரில் எதுவும் ஒட்டக் கூடாது. இவ்வளவு நிபந்தனைக்குப் பிறகும் குழந்தைகள் விளையாட வந்ததுதான் ஆச்சரியம். துப்புகள் எல்லாம் செல்போனில். ஒரே ஒரு பையன் மட்டும் பழைய முறையில் ஓர் அட்டையில் துப்பு எழுதி மின்சார மீட்டர் பெட்டிக்குள் செருகியிருந்தான். காவலாளி அதை உருவி எடுத்து, "மேடம், எவனோ நோட்டீஸ் வச்சிட்டுப் போயிருக்கான்" என்று என் கையில் கொடுத்தார்.

வாங்கியதும் நான் செய்த காரியம், அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தது. எண்ணெய் வாசனை இல்லை. வெறும் அட்டை. ஓய்வு பெற்ற தாசில்தார் அட்டையை முகர்ந்து பார்ப்பதைக் கண்ட காவலாளி என்ன நினைத்தாரோ, மரியாதையாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

புதையல் துப்பு என்றால் எனக்கு இயந்திர எண்ணெய் வாசனை வர வேண்டும். அந்த வாசனைக்குச் சொந்தக்காரர் செல்வராஜ். 1991இல் ஒரகடம் நாற்சந்திக்குச் சற்று உள்ளே, வரிசையாகப் போர்ஷன்கள் கட்டி வாடகைக்கு விட்ட ஒரு காம்பவுண்டில் ஒரு கோடியில் அவரும் மனைவி எஸ்தரும்; மறு கோடியில் நானும் என் அம்மாவும். நான் அப்போது தாலுகா ஆபீஸில் உதவியாளர். யாராவது தும்மினால் அதற்குக் கோப்பு எண் உண்டா என்று கேட்கும் பருவம். செல்வராஜுக்கு மறைமலை நகரில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரச் சோதனை வேலை. பகலெல்லாம் இரும்புத் துண்டுகளை அளப்பார். வீட்டுக்கு வந்தால் சிறுவர் வாரப் பத்திரிகை ஒன்றுக்குப் புதையல் தொடர்கதை எழுதுவார். கிழிந்த வரைபடம், பாழடைந்த மண்டபம், நான்கு பிள்ளைகள், ஒரு நாய். நாய் கட்டாயம். "நாய் இல்லன்னா எடிட்டர் திருப்பி அனுப்பிடறாரு மேடம்."

கதைக்கு மேலே எஸ்தர் பெயர்தான் இருக்கும். மனைவி பெயரில் வீட்டைப் பதிவு செய்வதுபோல மனைவி பெயரில் கதை எழுதுவதும் அந்தக் காலத்தில் சகஜம். அவருக்குக் கூடுதல் காரணம் ஒன்றும் இருந்தது: வேறு தொழில் செய்யக் கூடாது என்று கம்பெனி விதி. அந்த விதியை எடுத்துக் காட்டிப் பயமுறுத்தியவள் நானே.

ஒருமுறை அவர் கதையில் காலை வெயிலில் கோபுரத்தின் நிழல் கிழக்கே விழுந்துவிட்டது. பிள்ளைகள் நிழலைப் பின்பற்றிப் போய்ப் புதையலையும் எடுத்துவிட்டார்கள். "எஸ்தர் அத்தை, உங்கள் ஊரில் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்?" என்று வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. செல்வராஜ் துவண்டு போனார். எஸ்தருக்கோ கோபம். "பண்றது இவுரு, திட்டு மட்டும் எனக்கா?"

அதற்குப் பிறகுதான் அவர் புது முறையைக் கண்டுபிடித்தார். அத்தியாயத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்குமுன் அதே துப்புகளை ஊருக்குள் நிஜமாகவே ஒளித்து வைப்பார். காம்பவுண்டுப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே துப்பைத் திருத்துவார். சட்டென்று கண்டுபிடித்துவிட்டால் அதையும் திருத்துவார். "அளக்காத பீஸை லைன்ல வுடக் கூடாது மேடம்" என்பார். பிள்ளைகளுக்குத் தலைவி கலா. ஐந்தாம் வகுப்பு, முன்பல் இரண்டும் பெரியவை, யாருக்கும் பயப்படாதவள். ஒவ்வொரு துப்பின் மூலையிலும் மண்டையோடு வரையச் சொல்லி அடம்பிடித்தவள் அவள்தான். "மண்டை ஓடு இல்லன்னா அது புதையலே இல்ல மாமா."

துப்பு எழுதத்தான் அந்தச் சிவப்பு அட்டைகள். கம்பெனியில் அளவு பிசகிய பாகத்தைத் தனியே எடுத்து, 'நிராகரிக்கப்பட்டது' என்று அச்சிட்ட சிவப்பு அட்டையைக் கம்பியில் கோத்துக் கட்டிவிடுவார்கள். எண்ணெய் பட்டு வீணான அட்டைகளைச் செல்வராஜ் எடுத்து வருவார். தடிமனானது, பனியில் நனைந்தாலும் குழையாது. முன்பக்கம் கம்பெனி பெயர், பின்பக்கம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் தன் அழகான கட்டை எழுத்தில் துப்பு எழுதுவார். பிள்ளைகள் கைகளில் எப்போதும் ஒரு லேத் பட்டறை வாசனை இருக்கும்.

நானும் என் பங்குக்கு இலக்கியத் தொண்டு ஆற்றியிருக்கிறேன். பூமியில் புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இருக்கிறது; உங்கள் கதைப் பிள்ளைகள் நான்கு பேரும் சட்டப்படி குற்றவாளிகள் என்றேன். மனிதர் அதை மதித்து, கடைசி அத்தியாயத்தில் பிள்ளைகளைக் கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பி மனு எழுத வைத்தார். எடிட்டர் அந்தப் பகுதியை முழுதாக வெட்டிவிட்டார். நாயை மட்டும் விட்டுவைத்தார்.

அந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. நாடே அறிந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் ஊர்கள் எப்படி இருந்தன என்பதை மட்டும் சொல்கிறேன். பஸ்ஸில் ஏறினால் பையைத் திறக்கச் சொன்னார்கள். இறங்கினாலும் சொன்னார்கள். வாடகைக்கு ஆள் வைத்திருந்தவர்கள் எல்லாரும் திடீரென்று குடித்தனக்காரரின் பூர்வீகத்தை விசாரித்தார்கள். தெரியாத ஆள் தண்ணீர் கேட்டால் கொடுத்துவிட்டு, அவர் முகத்தை மனப்பாடம் செய்தோம். ஆபீஸில் உட்கார்ந்தால் எழுந்து நிற்கத் தோன்றும். நின்றால் வீட்டுக்குப் போகத் தோன்றும். வீட்டுக்குப் போனால் தாழ்ப்பாளைப் போட்டேனா என்று மறுபடி மறுபடி போய்ப் பார்ப்பேன். பிள்ளைகளை வெளியே விடவில்லை. அதனால் செல்வராஜ் அதற்குமுன் ஒளித்து வைத்திருந்த துப்புகள் எடுக்கப்படாமலே கிடந்தன. அந்த நேரத்தில் அதை யார் நினைத்தார்கள்?

ஒரு ஞாயிறு மதியம், சர்ச்சுக்குப் போய்வந்த புடவையோடு எஸ்தர் ஓடி வந்தாள். "அக்கா, போலீஸ் ஜீப்புல இவுர கூட்டினு போய்ட்டாங்கக்கா. அந்த செவப்பு அட்டை ஒண்ணு அவுங்க கையில கீதுக்கா."

நாற்சந்தி நிழற்குடையில் பெஞ்சுக்கு அடியில் செருகியிருந்த அட்டை. டீக்கடைக்காரர் பெருக்கும்போது கண்டெடுத்துக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டார். அதில் இருந்தது இதுதான்: 'பஸ் போனதும் மேற்கே நட. யாரும் பார்க்காதபோது தண்ணீர் பேசும் கல்லுக்கு அடியில் கையை விடு. பெட்டி காத்திருக்கிறது.' மூலையில் மண்டையோடு. ஏப்ரலில் இது குழந்தை விளையாட்டு. ஜூனில் படித்தால் எனக்கே வெடிகுண்டுதான் நினைவுக்கு வந்தது. முன்பக்கம் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருந்ததால் போலீஸுக்குத் துப்புத் துலக்கும் சிரமமும் இல்லை. கம்பெனியில் காட்டினார்கள், எழுத்தைப் பார்த்ததும் யாருடையது என்று சொல்லிவிட்டார்கள்.

"இந்த மாசம்தான் வேலை கன்ஃபர்ம் ஆவணும். நாளைக்கு காலைல ஷிப்ட்டு. போலன்னா இன்னாக்கா ஆவும்?" என்றாள் எஸ்தர். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தகுதிகாண் பருவத்தில் இருப்பவரைக் காரணம் சொல்லாமலே அனுப்பலாம். அதை அவளிடம் சொல்லவில்லை. பத்திரிகைக் கட்டை அள்ளிக்கொண்டு கிளம்பினோம்.

காவல் நிலையத்தில் சிறப்புப் பணிக்காக எங்கிருந்தோ வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர். பேச்சில் திருநெல்வேலி. செல்வராஜ் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். அடித்ததாகத் தெரியவில்லை. ஆனால் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பேனாவை எடுத்துவிட்டிருந்தார்கள். அது இல்லாமல் அவர் வேறு ஆள் மாதிரி இருந்தார்.

பத்திரிகையைப் புரட்டிய சப் இன்ஸ்பெக்டர், "இதுல எஸ்தர்னுல்லா போட்டிருக்கு. யாரும்மா எஸ்தர்?" என்றார்.

"நான்தான் சார். ஆனா நான் எழுதல. அவுருதான்."

"அப்பம் பேரை மாத்தி எழுதுதவன். அட்டையில படம் போட்டு ஒளிச்சு வைக்கவன். எல்லாம் கதைக்குன்னு சொல்லுதான். நான் நம்பணும், என்னா?"

செல்வராஜ் மெல்ல, "நான் வேணா அர்த்தம் சொல்றேன் சார். எங்க காம்பவுண்டு பொண்ணு கலாவுக்கும் தெரியும்" என்றார்.

"நீ சொன்னா எல்லாம் சரியாத்தாம்வே வரும். எழுதுனவனே நீதானே? அந்தப் பிள்ளைய கூட்டிட்டு வாங்க. அது சொல்லட்டும்."

இந்த இடத்தில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை விசாரிக்க வேண்டுமானால் அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் அதிகாரி போக வேண்டும், நிலையத்துக்கு அழைக்கக் கூடாது என்று பிரிவு எண்ணோடு சொன்னேன். குரல் நடுங்கியது, பிரிவு எண் நடுங்கவில்லை.

அவர் பத்திரிகையை மூடி வைத்தார். "தாலுகா ஆபீஸா?" என்றார். ஆமாம் என்றேன். "அதான பாத்தேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டார்.

காம்பவுண்டுக்குள் ஜீப் நுழைந்ததும் ஜன்னல்கள் எல்லாம் மூடிக்கொண்டன. கலா மட்டும் அம்மா கையை உதறிக்கொண்டு வந்தாள். அட்டையை வாங்கி, ஒரு பார்வை பார்த்து, "மதகு" என்றாள்.

"எப்படி?"

"ஏரிக்கு மதகு கீதுல்ல சார். மழைல தண்ணி ரொம்பிச்சின்னா அந்தக் கல்லு களகளன்னு பேசும். இது கூடவா தெர்ல?"

அது கோடை. ஏரி வெடித்துக் கிடந்தது. கல் ஊமையாக இருந்தது. மழைக்காலத்தில் ஊரில் இருந்தவருக்குத்தான் அது தெரியும். சப் இன்ஸ்பெக்டர் செல்வராஜைப் பார்த்தார். செல்வராஜ் கலாவைப் பார்த்தார். அந்தக் கலவரத்திலும், துப்பு சரியாக வேலை செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் ஒரு கணம் தெரிந்தது. மனிதரைப் பிடித்து உலுக்கலாம்போல இருந்தது எனக்கு.

மதகுக்குப் போனபோதுதான் எங்களுக்குப் பயம் பிடித்தது. கலாவையும் சேர்த்து எங்களையெல்லாம் ஏரிக்கரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, செல்வராஜை மட்டும் இறங்கிப் போகச் சொன்னார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். அந்த மாதம் அப்படி. எஸ்தர் கரைப் புல்லைக் கொத்தாகப் பிடித்தபடி ஜெபம் சொன்னாள். செல்வராஜ் கல்லுக்கு அடியில் கையை விட்டு ஒரு பால் பவுடர் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, எல்லாருக்கும் தெரியும்படி தலைகீழாகக் கவிழ்த்தார். உருகி ஒட்டிப்போன கமர்கட்டு, அதை மொய்த்த எறும்பு, கூடவே இன்னொரு சிவப்பு அட்டை.

சப் இன்ஸ்பெக்டர் அந்த அட்டையை வாங்கி உதடு அசையப் படித்தார். மறுபடி படித்தார். "இது எங்கிட்டு போவுது?" என்று கலாவைக் கேட்டார்.

"அதெல்லாம் சொல்லக் கூடாது சார். நீங்களே கண்டுபுடிக்கணும்."

கான்ஸ்டபிள் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு எங்கள் ஊரில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அன்று பொழுது சாய்வதற்குள் எழுதி வாங்கிக்கொண்டு செல்வராஜை அனுப்பிவிட்டார்கள். பேனாவையும் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு அட்டைகளையும் மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஸ்டாஃப் பஸ்ஸில் போனவர் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தார். கையில் ஒரு கவர். கம்பெனிக்குச் சொந்தமான நிராகரிப்பு அட்டைகளை வெளியே எடுத்துச் சென்றது, முன் அனுமதியின்றி வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியது. ஆகவே பணி நிரந்தரம் செய்ய இயலவில்லை.

"எதாச்சும் ஓட்டை கீதா பாருங்க மேடம்" என்று நீட்டினார்.

பார்த்தேன். எந்தக் காகிதத்திலும் பிழை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவள் நான். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடி அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விதி சரி, தேதி சரி, கையெழுத்துப் போட்டவருக்கு அதிகாரமும் சரி. எங்கள் ஆபீஸில்கூட அவ்வளவு சுத்தமாக ஓர் உத்தரவு எழுத ஆள் கிடையாது. போலீஸிடம் எடுத்துச் சொல்ல ஒரு பிரிவு இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை.

அந்த மாதமே எஸ்தரின் அம்மா ஊருக்கு, செய்யூர் பக்கம், கிளம்பினார்கள். தொடர்கதை பாதியில் நின்றது. தவிர்க்க முடியாத காரணம் என்று பத்திரிகை ஒரு வரி போட்டது. டெம்போவில் சாமான் ஏற்றும்போது பிள்ளைகள் செல்வராஜைச் சுற்றி நின்றார்கள்.

கலா கேட்டாள்: "மாமா, ரெண்டாவது அட்டை போலீஸ்கிட்ட மாட்டிக்கிச்சே. கடைசி புதையல் எங்க கீதுன்னு ஒரே ஒரு க்ளூ குடு."

கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அவர் சொன்னார். "வாலாஜாபாத் ரோட்டுல சின்ன பாலம் கீதுல்ல? அதுக்கு அடியில, உள்பக்க செவுத்துல ஒரு செங்கல்லு ஆடும். அதுக்குப் பின்னால வச்சிகிறேன். போயி எடுத்துக்கோங்க."

போலீஸுக்கு முன்னால் அசராமல் நின்ற கலாவுக்கு அப்போதுதான் உதடு கோணியது. "இன்னா மாமா நீ, சொல்லிட்ட" என்று அழுதாள்.

போய் எடுக்க எந்தத் தடையும் இருக்கவில்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. நடந்தால் கொஞ்ச தூரம்தான். பிள்ளைகள் யாரும் போகவில்லை. உள்ளே என்ன வைத்தார் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. பிறகு கார் கம்பெனிகள் வந்தன, சாலையை அகலமாக்கினார்கள், அந்தச் சின்னப் பாலம் மண்ணுக்குக் கீழே போயிற்று. இப்போது அதன்மேல் லாரிகள் புத்தம்புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு போகின்றன.