அம்மா எடுத்த படங்களும் அம்மா சொன்ன கதையும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. கொட்டச்சேட்டில் விவசாயக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர், எழுபதுகளின் தொடக்கத்தில் திருமணமாகி ஏற்காட்டுக்கு வந்தார். அப்பா பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். எஸ்டேட் பெண்கள் அவர் முன்னால் உட்காரக் கூச்சப்பட்டதால் அம்மா கேமராவைக் கையில் எடுத்தார். அப்பா சீக்கிரமே காலமான பிறகு அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

சீசனுக்குப் பட்டணத்திலிருந்து வருகிறவர்களிடம், "ஏனுங்க, எந்த ஊருங்க?" என்று அம்மா ஆரம்பித்தால் அவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பேசுவார்கள். பேசி முடித்த முகத்தைத்தான் அம்மா படம் எடுப்பார். படத்தை வாசலில் மாட்டி, அடியில் அவர்கள் சொன்ன கதையை நாலு வரி எழுதி வைப்பார். கதை முடியாமல் சமைக்க வரமாட்டார் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

தலைச்சோலை பழனியம்மாளின் படத்தையும் அப்படித்தான் மாட்டினார். எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். எங்களுக்குச் சின்னம்மா மாதிரி. கணவர் இன்னொருத்தியோடு போய்விட்டதை ஊருக்கு மறைத்து, அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். நாலு வரியில் அது ஊருக்கே தெரிந்துபோனது. சின்னம்மா வேலைக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டார். அம்மா படத்தைக் கழற்றினார், என்னையும் கூட்டிக்கொண்டு தலைச்சோலைக்குப் போனார்.

"பட்டணத்துக்காரங்க படிச்சுப்போட்டுப் போயிருவாங்க. அந்தப் பழக்கத்துல உன்னையும் மாட்டிப்போட்டேன். நீ இங்கயே இருக்கோணுமேன்னு தோணல பழனியம்மா. தப்பு என்னுதுதான்."

சின்னம்மா பாயை எடுத்து விரித்தார். பிறகு, "என் கதைய ஊரே படிச்சிருச்சு. உங்க கதைய எனக்குச் சொல்லுங்கக்கா. அப்புறம் பேசுறேன்" என்றார்.

என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பொழுது சாயும்வரை அம்மா சொன்னார். வெளியே வந்தபோது இருவருக்குமே கண் சிவந்திருந்தது. மறுநாள் சின்னம்மா வேலைக்குப் போனார்.

அம்மா படுக்கையில் விழுந்து பேச்சு நின்ற பிறகு, குளிப்பாட்டிக் கஞ்சி ஊட்டியவரும் அவர்தான். காரியம் முடிந்ததும் கேட்டேன்: "அன்னைக்கி அம்மா என்னதான் சொன்னாங்க சின்னம்மா?"

"அதைய விட்டுப்போட்டு வேற என்ன வேணும்னாலும் கேளு கண்ணு" என்று என் தலையைத் தடவினார்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், மலையேறி வந்து துக்கத்தில் பங்குகொண்ட சொந்தங்களுக்கும், கடைகளை அடைத்து உடன் நடந்த கடைவீதி மக்களுக்கும் எங்கள் நன்றி. அம்மா சொன்னதை அம்மாவின் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாத பழனியம்மாள் சின்னம்மாவை விழுந்து வணங்குகிறோம்.