இலண்டன் மேடையில் என் தங்கை பாடியது

1991 ஒக்டோபர், சனிக்கிழமை காலை.

ஹீத்ரோ விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் இரண்டு தரப்பினர் எனக்காகக் காத்திருந்தனர். ஒரு தரப்பு, ஒரு வாரச் சொற்பொழிவுக்கு என்னைக் கொழும்பிலிருந்து அழைத்திருந்த கோயில் பரிபாலன சபையினர். கையில் மாலை, நெற்றியில் நீறு, குளிருக்குக் கனத்த மேலங்கி. மற்றத் தரப்பு என் தங்கை மங்களேஸ்வரி. தள்ளுவண்டிகள் அடுக்கியிருந்த மூலையில் தனியே நின்றாள். சபைச் செயலாளர் சிவபாதம் என் கழுத்தில் மாலையை இட்டபோது அவள் வேகமாக வந்து என் கையைப் பிடித்தாள்.

"புதன்கிழமை மத்தியானம் நாடகம் இருக்கு, அக்கா. ஏலுமெண்டால் வாங்கோ. வராட்டிலும் எனக்குக் கோவமில்லை."

அதற்குள் செயலாளர் என் பெட்டியைத் தூக்கிவிட்டார். "கார் வெளியில நிக்குது, பண்டிதர் அம்மா. கனநேரம் நிண்டால் தண்டம் அடிச்சுப்போடுவாங்கள்." எனக்குப் பக்கத்தில் நின்றவளை அவர் பார்க்கவேயில்லை. கண்ணுக்கு நேரே நிற்கும் ஒருவரைப் பார்க்காமல் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி அவருக்கு நெடுநாளாக இருந்தது என்று அப்போதே விளங்கிற்று.

ஹீத்ரோவிலிருந்து, செயலாளரின் வீடு இருந்த ஹரோ ஏறத்தாழப் பத்து மைல். முக்கால் மணி நேரமாயிற்று. வழியெங்கும் ஒட்டிப் பிறந்தவை போல் இரண்டிரண்டாக நிற்கும் வீடுகள். சிவப்பு விளக்கொன்றில் கார் நின்றபோது செயலாளர், விளக்கைப் பார்த்தபடியே, சொல்ல வந்ததைச் சொன்னார்.

"குறை விளங்காதேங்கோ, அம்மா. கடைசி நாள் பதிகத்தை நீங்கள் தனியப் பாடுங்கோ. தங்கச்சியாரைச் சேர்க்க ஏலாது. சபை முடிவெடுத்திட்டுது."

எங்கள் தாயார் அதற்கு முந்தின ஆண்டு இணுவிலில் காலமானார். போரால் பாதை பூட்டிக் கிடந்தது. கொழும்பிலிருந்து நானும் போக முடியவில்லை. இலண்டனிலிருந்து அவளும் வர முடியவில்லை. அம்மாவின் ஆட்டைத் திவசம் என் சொற்பொழிவின் கடைசி நாளில் வந்தது. அம்மா விடியற்காலையில் பாடும் பதிகத்தை அன்று ஒரு சந்நிதியில் நாமிருவரும் சேர்ந்து பாட வேண்டும் என்பது மங்களத்தின் விருப்பம். அந்த ஒன்றுக்காகவே நான் இந்த அழைப்பை ஏற்றேன். செயலாளருக்கும் அது தெரியும்.

"ஏன் ஏலாது?" என்றேன்.

"அவ கிளப்பில பாடுறவ. அதைக்கூடப் பொறுக்கலாம். இப்ப நாடகத்தில அரைகுறை உடுப்போட நிண்டு எங்கட பதிகத்தைப் பாடுறா. ஆயிரம் வருசத் தமிழ்த் தோத்திரம் எண்டு இங்கிலீசுப் பேப்பரிலயே போட்டிருக்கு."

"நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?"

"சிவ சிவா! அங்க நாங்கள் போவமே?"

பச்சை விளக்கு எரிந்தது. என் கோபமும் அப்போதுதான் எரியத் தொடங்கிற்று. அது அவர்மேல் அன்று, என் தங்கைமேல். கிளப்பிலே பாடட்டும், அது அவள் வயிற்றுப்பாடு. பதிகத்தை விற்க அவள் யார்?

புதன்கிழமை.

நான்கு நாள் சொற்பொழிவு ஆயிற்று. கூட்டம் நிறைந்தது. செயலாளரின் மனைவி இடியப்பமும் சொதியுமாக என்னை ஒரு குறையுமின்றிப் பார்த்துக்கொண்டார். புதன் காலை, தங்கையின் நாடகத்துக்குப் போகிறேன் என்று சொன்னேன். துணைக்கு ஆள் வேண்டாம் என்றேன். ஹரோ குன்றடி நிலையத்தில் மெட்ரோபொலிட்டன் வண்டி ஏறி, பேக்கர் வீதியில் மாறி, பிக்கடிலி வட்டத்தில் இறங்கினேன். அங்கிருந்து அரங்கத்துக்கு நடை ஐந்து நிமிடம். பகற் காட்சி இரண்டரை மணிக்கு. தூணொன்றுக்குப் பக்கத்து இருக்கை எட்டுப் பவுண். நிகழ்ச்சிக் கையேடு தனி விலை.

நாடகத்தின் பெயரை எழுதி அதற்குச் சிறப்புச் சேர்க்க எனக்கு மனமில்லை. கீழைத் தேசம் என்று அவர்கள் கற்பனை செய்த ஒரு நாடு. அதன் அரசன் அரபியைப் போலவும், மந்திரி சீனனைப் போலவும் இருந்தனர். கையேட்டில் என் தங்கையின் பெயர் மேகி ஈஸ்ட் என்று இருந்தது. அப்பா நல்ல நாள் பார்த்து வைத்த மங்களேஸ்வரியை அப்படி நறுக்கி வைத்திருந்தார்கள்.

இரண்டாம் அங்கத்தில் ஆறு கைகளோடு சாந்தில் செய்த ஒரு சிலை வந்தது. எந்தத் தெய்வம் என்று செய்தவனுக்கும் தெரியாது. அதன் கையொன்றில் இருந்த கிண்ணத்தை எடுத்துக் கதாநாயகன் மது அருந்தினான். சிலையின் காலடியில், தோளும் வயிறும் தெரியும் உடையில், நாற்பத்தேழு வயதான என் தங்கை கோயில் மந்திரக்காரியாக அமர்ந்திருந்தாள். வாத்தியங்கள் ஓய்ந்தன. அவள் கண்ணை மூடினாள். தம்பூராவோ தாளமோ இல்லாமல் காந்தார பஞ்சமத்தை எடுத்தாள்.

அம்மாவின் பதிகத்தின் பண் அது. எழுந்து வெளியேறுவதென்று இருக்கையின் கையைப் பிடித்தேன். அப்போதுதான் சொற்கள் காதில் விழுந்தன.

"காங்கேசன்துறை… தெல்லிப்பழை… மல்லாகம்… சுன்னாகம்…"

பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

"இணுவில்… கோண்டாவில்… கொக்குவில்…"

யாழ்ப்பாணத்துப் புகையிரத நிலையங்கள்! வடக்கிலிருந்து தெற்காக, ஒன்று பிசகாமல், ஒவ்வொன்றையும் பண்ணின் வளைவில் இழைத்து இறக்கினாள். நாவற்குழியில் தணிந்து, சாவகச்சேரியில் நிமிர்ந்து, கொடிகாமத்தில் ஒரு கமகம் வைத்து, ஆனையிறவில் நீண்ட மூச்சொன்றை நிறுத்தி, பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம், ஓமந்தை என்று வவுனியாவில் கொண்டுபோய் முடித்தாள். அரங்கம் முழுவதும் ஆழ்ந்த பக்தியோடு கேட்டது. போரால், முந்தின ஆண்டு முதல் அந்தப் பாதையில் வண்டி ஓடுவதில்லை. அந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவர்கள் மேடையில் அவளும் தூணருகில் நானுமே.

பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார மூதாட்டி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். "எவ்வளவு புனிதமான பிரார்த்தனை!" என்றாள். "ஆம்" என்றேன். வேறென்ன சொல்ல?

காட்சி முடிந்ததும் பின்வாசலால் ஒப்பனை அறைக்குப் போனேன். ஆறு பெண்களுக்கு ஒரே அறை. மங்களம் முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"பாதியில எழும்பிப் போவியள் எண்டு நினைச்சன்."

"எடி மங்களம், உனக்குக் கொழுப்பா?"

"நினைச்சுப் பாருங்கோ, அக்கா. உன்ர ஊர்க் கோயிற் பாட்டு ஒண்டு பாடு, கருத்து ஆருக்கும் தேவையில்லை எண்டு நெறியாளன் சொன்னான். நான் மாட்டன் எண்டால், ஓமெண்டு சொல்ல வேற ஒருத்தி வெளியில நிக்கிறாள். அவன்ர பொம்மைக்கு முன்னால அம்மாவின்ர பதிகத்தைப் பாட ஏலுமே? ஸ்ரேசன் பேர்தான் வாயில வந்தது. அந்தப் பொம்மைக்கு அது காணும்."

"அந்த உடுப்பு எனக்குப் பிடிக்கவில்லை."

"உடுப்பு அவங்கட. மூச்சு என்ர."

இருபத்திரண்டு ஆண்டு மேடை வாழ்வை அவள் சாயம் துடைக்கும் நேரத்துக்குள் சொல்லி முடித்தாள். அந்தப்புரத் தோழி, குறி சொல்பவள், ஆயா, மீண்டும் அந்தப்புரத் தோழி. ஒருமுறை பெரிய நாடகமொன்றில் கதாநாயகிக்குப் பதிலியாக அவளை வைத்திருந்தார்கள். பதிலி என்றால், நாயகிக்கு உடம்பு முடியாத அன்று மேடையேறுவதற்காக முழுப் பாத்திரத்தையும் பாடம் செய்து, ஒவ்வொரு மாலையும் திரைக்குப் பின்னால் தயாராய் இருப்பவள். பதினான்கு மாதம் அப்படி இருந்தாள். நாயகிக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தது. அன்று முகாமையாளர் காட்சியையே இரத்துச் செய்தார். "நீ நல்லாய்ப் பாடுவாய், மேகி, ஆனால் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள்" என்றாராம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முகாமையாளரின் நாக்கை நினைத்து இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

"இன்றைக்கே சபையிடம் உண்மையைச் சொல்கிறேன்" என்றேன்.

அவள் துணியைக் கீழே வைத்தாள். "வேண்டாம், அக்கா. கையேட்டில தோத்திரம் எண்டு அச்சடிச்சுப்போட்டான். நான் ஸ்ரேசன் பேர் பாடுறன் எண்டு ஒரு பேப்பரில வந்தால் அண்டைக்கே என்னைக் கலைச்சுப்போடுவான். இந்த வயசில ஆர் எனக்கு இன்னொரு வேஷம் தருவினம்? சிவபாதத்தாருக்குச் சொன்னால் ஈஸ்ட் ஹாம் வரைக்கும் இருக்கிற எங்கட சனம் முழுக்கச் சொன்ன மாதிரி. நாடகம் முடியுமட்டும் வாய் திறக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். வேலையைக் காத்தால் பெயர் போகும். பெயரைக் காத்தால் வேலை போகும். அந்த இரண்டுக்கும் நடுவில் என் தங்கையை நிறுத்தியது அந்த நெறியாளனும் எங்கள் சபையும் சேர்ந்துதான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல்.

அவள் பாடும் 'கிளப்'பையும் பார்த்தேன். அது ஒரு விடுதியின் தேநீர்க் கூடம். ஒரு பியானோ, முப்பது மேசை. உணவருந்துவோர் நடுவே நின்று பாடும் இதைக் கபரே என்கிறார்கள். கழுத்து வரை மூடிய கறுப்பு உடையில், மேசைக்கு மேசை நடந்து ஆங்கிலப் பாட்டுகளைப் பாடினாள். ஒருவர் கேக் மென்றுகொண்டிருந்தார். அவர் விழுங்கும் வரை மெல்லிய குரலில் காத்திருந்து, பிறகு அடுத்த அடியைத் தொடங்கினாள். மெல்லுவதை அவர் மறந்துபோனார். நாடகத்தில் அவள் யார் யாரோ. இங்கே அவளுக்கு வேஷமே இல்லை. எங்கள் ஆட்கள் பெயரைக் கேட்டாலே காதைப் பொத்துகிற அந்த இடம் ஒன்றில்தான் இந்த நகரம் என் தங்கையை அவளாகவே பாட விட்டிருக்கிறது.

சனிக்கிழமை காலை, நிறைவு நாள்.

கோயில் முன்பு ஒரு தேவாலய மண்டபமாக இருந்தது. வாசலையடுத்த சிறு நடையில் செருப்பு வைக்கும் தட்டுகள். மங்களம் தான் குடியிருக்கும் கோலியர்ஸ் வுட்டிலிருந்து பச்சைச் சேலையில் வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. "சபைக்கு என்னால கரைச்சல் வேண்டாம். இஞ்ச நிண்டு கேக்கிறன்" என்று செருப்புத் தட்டருகே நின்றாள்.

பூசை முடிந்தது. செயலாளர் ஒலிவாங்கியில் என்னைப் புகழ்ந்தார். இறுதியாகப் பண்டிதர் அம்மா பதிகம் பாடுவார் என்றார். நான் ஒலிவாங்கியை வாங்கினேன்.

"நாம் கும்பிடுகிறவன் ஆடிய மேடை சுடுகாடு. உடுத்தது தோல். பூசியது சாம்பல். அவன் ஆடிய இடத்தையும் உடுத்த உடையையும் கேட்டு ஒரு சபை முடிவெடுத்திருந்தால், அவனும் இன்று வாசலில்தான் நின்றிருப்பான். எங்கள் தாயாருக்காகப் பாட வேண்டியவள் அங்கே நிற்கிறாள். நான் அங்கே போகிறேன்."

அதற்குமேல் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் வாக்கை மீறியிருப்பேன்.

நடையில், சப்பாத்துகளுக்கும் ஈரக் குடைகளுக்கும் நடுவே, நானும் அவளும் தரையில் அமர்ந்தோம். "எடுங்கோ, அக்கா" என்றாள். "நீ எடு" என்றேன். எடுத்தாள். இம்முறை சொல்லும் அம்மாவுடையது. முதற் பாட்டு முடியுமுன்னே உள்ளே மணியை அடித்தார்கள். ஓங்கி, விடாமல் அடித்தார்கள். மேடையில் இரைச்சலுக்கு மேல் பாடிப் பழகியவள் குரலை உயர்த்தவில்லை. மூச்சை நீட்டினாள், மணி அடித்தவருக்குத்தான் கை ஓய்ந்தது. தன் செருப்பைத் தேடி வந்த ஒரு பெண், அதைக் கையில் வைத்துக்கொண்டு பத்துப் பாட்டும் முடியும் வரை நின்றாள். வேறொருவரும் வரவில்லை.

முடிந்ததும் செயலாளர் வந்தார். "பிரசாதம் குடுக்கிற நேரம், அம்மா. வழியில இருக்கிறியள்."

"எழும்புகிறோம்" என்றேன். என் பெட்டியை ஹரோவிலிருந்து எடுத்துக்கொண்டு அன்றே கோலியர்ஸ் வுட் போனேன்.

திங்கட்கிழமை.

விமான நிலையத்துக்குச் சுரங்க வண்டியில் போனோம். லெஸ்டர் சதுக்கத்தில் மாறி பிக்கடிலி வண்டி. ஆக்டன் டவுன், நோர்த்ஃபீல்ட்ஸ், ஒஸ்டர்லி, ஹவுன்ஸ்லோ என்று ஒவ்வொரு நிலையமாக வந்தது. அவள் பெயர்களை முணுமுணுத்துப் பார்த்தாள். "இதுகள் பண்ணில நிக்காது, அக்கா" என்றாள். "கூப்பிட்டால் வாற ஊருக்குப் பாட்டு எதுக்கு?" என்றேன்.

இதையெல்லாம் ஒன்றரை ஆண்டு எழுதாமல் வைத்திருந்தேன். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள். "நாடகத்தை மூடிட்டாங்கள், அக்கா. இனி எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். சபையார் இதை வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பாடக்கூடாத இடத்தில் பதிகத்தைப் பாடாமல் காத்தவளை, பாட வேண்டிய இடத்தில் நீங்கள் பாட விடவில்லை. நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பதும் மன்னியாததும் அவள் உரிமை. அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் பாடியது பழிக்குரியது என்று இன்னும் எண்ணுபவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு, காங்கேசன்துறையில் தொடங்கி, அந்தப் பண்ணில் ஒருமுறை தாமே பாடிப் பார்க்கட்டும். சுன்னாகத்திலோ கோண்டாவிலிலோ தொண்டை அடைத்தால் அங்கேயே இறங்கிக்கொள்ளலாம். அவளுக்கு அந்த வசதி இருக்கவில்லை. வாரத்துக்கு எட்டுக் காட்சி. எட்டிலும் அவள் வவுனியா வரை போனாள்.