ஓவிய மேஜருக்கு நான் வைத்த ரெக்கார்டு நோட்டு

ஒரு பெண்ணின் பட்டம் என் கையெழுத்து ஒன்றால் நின்றுபோனது. போட்ட கையெழுத்தால் அல்ல, போடாத கையெழுத்தால். புதிதாகப் பாடத்திட்டம் எழுத உட்காரும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். மழுப்பாமல் எழுதுகிறேன்.

1. கெமிஸ்ட்ரிக்காரி போட்ட திட்டம்

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தில் எங்கள் ஆர்ட்ஸ் அண்டு சயின்ஸ் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்த புதிது. எந்தப் பாடத்தையும் நாமே ஆரம்பிக்கலாம் என்று எல்லாருக்கும் ஒரு தெம்பு வந்திருந்தது. பிரின்சிபால் ஒருநாள் கூப்பிட்டு, "மேடம், அடுத்த வருஷம் ஓவியம் மேஜர் வருது. நீங்கதான் பிளான் போட்டுத் தரணும். கோஆர்டினேட்டரும் நீங்கதான்" என்றார்.

"சார், நான் கெமிஸ்ட்ரி."

"அதுவும் பிராக்டிகல், இதுவும் பிராக்டிகல். உங்களைவிட ஸ்ட்ரிக்டா யாரு நடத்துவாங்க?"

புகழ்ச்சிக்கு மயங்காத ஆள் உண்டா? மயங்கினேன். ஆறு செமஸ்டர்களுக்கும் கட்டம் போட்டேன். முதல் வருஷம் பென்சில், இரண்டாம் வருஷம் வண்ணம், மூன்றாம் வருஷம் மனித உருவமும் சொந்தப் படைப்பும். அலைடு பாடமாகக் கலை வரலாறு. பிராக்டிகலில் இரண்டு மணி நேரம் லெக்சரில் ஒரு மணி நேரத்துக்குச் சமம். எல்லாம் எங்கள் கெமிஸ்ட்ரி விதிப்புத்தகத்தில் இருந்ததுதான். 'உப்பு' என்று இருந்த இடத்தில் 'உருவம்' என்று மாற்றினேன், அவ்வளவுதான்.

பாடம் நடத்தப் பகுதி நேரமாக வந்தவர் தேவராஜ். பட்டணத்தில் ஓவியம் படித்தவர், சாது மனுஷன். நாள் முழுக்க வெளிச்சம் மாறாமல் இருக்க வடக்குப் பக்கம் ஜன்னல் உள்ள அறை வேண்டும் என்று கேட்டார். எங்கள் லேபின் கேஸ் ரூமுக்குப் பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது, ஜன்னல் மேற்கே. அதை அவர் ஏற்றுக்கொண்டார். ரெக்கார்டு நோட்டுக்குத்தான் வாய் திறந்தார்.

"ரெக்கார்டு வேணாமே மேடம். வரைஞ்சதையெல்லாம் ஒரு போர்ட்ஃபோலியோவா வச்சுப் பார்த்தா போதும்."

"ரெக்கார்டு இல்லாம பிராக்டிகலா? நல்லா இருக்கே! எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் வந்து சிரிப்பாங்க."

ஆக, ஓவியத்துக்கும் ரெக்கார்டு வந்தது. ஒவ்வொரு பயிற்சிக்கும் தேதி, நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு. 'நோக்கம்: மண்பானையை வரைதல். முடிவு: மண்பானை வரையப்பட்டது.' இன்று படித்தால் எனக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. அன்று கர்வமாகத்தான் இருந்தது. ரெக்கார்டின் முதல் பக்கத்தில் சர்டிபிகேட். அதில் கோஆர்டினேட்டர் கையெழுத்து இல்லாதவர்கள் இறுதித் தேர்வில் உட்கார முடியாது. துணைத் தேர்வும் கிடையாது, அடுத்த வருஷம்தான். இந்த விதியையும் நான்தான் எழுதினேன்.

2. ஏழு இடங்களில்

முதல் பேட்ச்சில் பதினோரு பேர். அதில் செல்வி முடிச்சூர்ப் பெண். அப்பா கீரை பயிரிட்டார். அம்மா கட்டுக் கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்புவார். செல்வி வரைவதைப் பார்க்க மற்ற டிபார்ட்மென்ட் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். மூன்றாம் வருஷம் முடியும்போது வடக்கே ஒரு கல்லூரியில் எம்.ஏ. ஓவியத்துக்கு அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. படங்களை மட்டும் பார்த்தே எடுத்துக்கொண்டார்கள். ஜூன் மாதத்துக்குள் பட்டம் முடித்த சான்று காட்ட வேண்டும். அந்த இடம் உறுதியானால் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்கும் தெரியும்.

தேர்வுக்கு முந்தின வாரம் ரெக்கார்டுகள் கையெழுத்துக்கு வந்தன. செல்வியுடையதைப் புரட்டினேன். கடைசி செமஸ்டரில் பன்னிரண்டு பயிற்சிகள். அதில் ஏழு இடங்களில் 'முடிவு: வரவில்லை' என்று எழுதியிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கூப்பிட்டனுப்பினேன்.

"என்னம்மா இது, விளையாட்டா?"

"இல்ல மேடம். கீரைக்கட்டுப் பிடிச்சிருக்கிற எங்கம்மா கையை வரைஞ்சேன். வரல மேடம்."

"நல்லாத்தானே இருக்கு? வரையப்பட்டதுன்னு எழுதிட்டுப் போ."

"வராததை வந்துடுச்சுன்னு எழுதிட்டா, அப்புறம் நான் எதைப் பார்த்துத் திருத்தறது?"

பணிவாகத்தான் கேட்டாள். எனக்கு அது திமிராகப் பட்டது. எங்கள் லேபில் ரீடிங் ஒத்து வராவிட்டால் பிள்ளைகள் பக்கத்து பெஞ்ச்சைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அது எங்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போடுவோம். பொய்க்குக் கூசாமல் கையெழுத்துப் போட்ட கைக்கு, உண்மைக்குப் போட மனம் வரவில்லை. மாற்றி எழுதிக்கொண்டு வா என்று ரெக்கார்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

தேர்வு அன்று காலை அதே ரெக்கார்டோடு வந்து நின்றாள். ஓர் எழுத்துகூட மாறவில்லை. எக்ஸ்டெர்னல் உள்ளே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவராஜ் ஓடி வந்தார்.

"மேடம், கையெழுத்துப் போட்டுடுங்க. அந்தப் பொண்ணோட வாழ்க்கை மேடம்."

"அஞ்சு நிமிஷ வேலை சார். அவளை எழுதச் சொல்லுங்க, நான் போடறேன்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் பேனாவைத் திறக்கவில்லை. என் பிடிவாதம் ஊரறிந்தது. அவள் பிடிவாதத்தை அன்றுதான் பார்த்தேன். மணி அடித்தது, கதவைச் சாத்தினார்கள். ரெக்கார்டை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மத்தியானம் கோபம் இறங்கிய பிறகு அதை முழுதாகப் படித்தேன். ஒவ்வொரு 'வரவில்லை'க்கும் கீழே பொடி எழுத்தில் குறிப்பு இருந்தது. கட்டைவிரல் பருமன். கணுவில் நிழல் தப்பு. கை இருக்கிறது, கட்டின் பாரம் தெரியவில்லை. ஒரே கையை ஏழு தடவை வரைந்து ஏழு தடவையும் தன்னைத் தானே திருத்தியிருக்கிறாள் பாவி மகள். என் சர்வீஸில் நான் பார்த்த ரெக்கார்டுகளில் பொய் இல்லாதது அது ஒன்றுதான்.

பிரின்சிபாலிடம் ஓடினேன். ஒரு ஸ்பெஷல் எக்ஸாம் வைக்கலாம் என்று கெஞ்சினேன். அவர் விதிப்புத்தகத்தை என் பக்கமாகத் திருப்பினார். "துணைத் தேர்வு கிடையாதுன்னு நீங்க எழுதினதுதானே மேடம்? ஒருத்திக்காக மாத்தினா நாளைக்கு எல்லாரும் வருவாங்க." நான் வழக்கமாகப் பேசும் வசனம்தான் அது.

ஜூன் போனது, இடமும் போனது. ஆவணியில் கல்யாணம் என்று தேவராஜ் சொன்னார். அடுத்த வருஷத் தேர்வுக்குக் கடிதம் போட்டேன், அவள் வரவில்லை. இன்னும் இரண்டு பேட்ச்சுக்குப் பிறகு, சேர ஆளில்லை என்று மேஜரையே மூடிவிட்டார்கள்.

3. இருபத்தெட்டாம் நம்பர்

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் கணவரும் முடிச்சூரில் ஒரு மனை வாங்கினோம். வயலாக இருந்த இடம். வரப்பெல்லாம் போய்க் கல் நட்டிருந்தார்கள். பார்க்கப் போன அன்று ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். செல்வி.

"மேடம், நல்லா இருக்கீங்களா?" கூடுவாஞ்சேரியில் கணவருக்குப் போர்டு எழுதும் கடை என்றாள். "இது எங்க கீரைப் பாத்திதான் மேடம். அப்பா வித்துட்டாரு. உங்க நம்பர் என்ன?"

"இருபத்தெட்டு."

எங்கள் கல்லுக்கு வந்தாள். இரண்டும் எட்டும் எழுதினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். மண்ணெண்ணெய்த் துணியால் எட்டைத் துடைத்தாள்.

புரோக்கருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா நீ, நம்பர்தானே? எழுதிகினு போவியா, அழிச்சினு கீறே!"

"கீழ் வட்டம் வரலண்ணா."

"செல்வி, உன் ரெக்கார்டு என்கிட்டதான் இருக்கு. கொண்டுவந்து தரட்டுமா?"

"வேணாம் மேடம். வூட்ல புள்ளைங்க கிழிச்சுடும்." பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "கையெழுத்துப் போட்டுட்டீங்களா மேடம்?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி எட்டை எழுத ஆரம்பித்தாள்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். எந்தப் பாடத்துக்குத் திட்டம் போட்டாலும், வரவில்லை என்று ஒரு பிள்ளை எழுத இடம் விடுங்கள். அப்படி எழுதிக்கொண்டு யாராவது வந்தால் முதலில் கையெழுத்தைப் போடுங்கள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து அந்த ரெக்கார்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கீழே தேதிக்கு ஒரு கோடு இருக்கிறது. அதை இன்றுவரை நிரப்பவில்லை.