கேடயம் வரைந்த பெயிண்டர்

போர்டு எழுதும் பெயிண்டரை எங்கள் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. பல் டாக்டர் போர்டில் பல் வரைந்து, பார்த்தவர்களுக்கெல்லாம் பல்வலி வரவைத்த மனிதர். ‘முடியாது’ என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. எங்களுக்கு அது வசதியாக இருந்தது.

சண்டை ஊரை நெருங்கியபோது, அருங்காட்சியகத்துத் தலைவி அம்மா அவரைக் கூப்பிட்டனுப்பினார். கூரையில் நீலமும் வெள்ளையுமாக ஒரு கேடயக் குறி வரைய வேண்டும்.

"இந்தக் குறி இருக்கற கட்டடத்துமேல குண்டு போடக் கூடாதுன்னு நாடுகளெல்லாம் சேந்து சட்டம் போட்டிருக்கு. ஆனா அனுமதியில்லாம வேற எங்கயும் இத வரையக் கூடாது. அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க. புரியுதா?"

"புரியுதும்மா."

கூரை, பின்கட்டு, கிடங்கு என்று இடம் நிறைய. கையால் வரைந்தால் மாளாது என்று தகரத்தில் கேடயத்தை வெட்டி அச்சு செய்துகொண்டார். வைத்துப் பெயிண்ட் அடித்தால், யார் அடித்தாலும் ஒரே மாதிரி விழும்.

அன்று சாயங்காலமே அவருடைய தங்கை வந்து நின்றாள். "ஏண்ணா, அந்தச் சிலைங்களுக்கு உயிரா இருக்கு? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கே."

அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். அடுத்து மாவு மில்காரர் வந்தார், சலூன்காரர் வந்தார். ஏறி இறங்கி முட்டி விட்டுப்போனதும் அச்சையே கையில் கொடுத்துவிட்டார். "அடிச்சிட்டுக் குடுத்துடுங்கப்பா" என்பார். பக்கத்து வீட்டில் அதை வாங்கி வந்து எங்கள் மாடியில் அடித்தது நான்தான். உயிர் பயத்தில் சட்டமாவது ஒன்றாவது.

அச்சு கைமாறிக் கைமாறி எங்கேயோ போய்விட்டது. கடைசியில், படைக்காரர்கள் பெட்ரோல் பீப்பாய் அடுக்கியிருந்த கொட்டகையின் கூரையில் அதே கேடயம் தெரிந்தது. பெயிண்டர் அதை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

எதிரிகளுக்கும் விஷயம் தெரிந்துபோனது. இந்த ஊரில் அந்தக் குறி பொய் என்று ரேடியோவில் சொன்னார்கள். அடுத்து விழுந்த குண்டுகளில் கொட்டகையும் போனது, அருங்காட்சியகமும் போனது. எங்கள் தெருவில் ஒரு ஓடுகூட உடையவில்லை. "உன் கை ராசிதாண்ணா" என்று தங்கை கும்பிட்டபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மிஞ்சிய பொருள்களைத் தலைவி அம்மா ஒரு பள்ளிக்கூட அறையில் சேர்த்துவைத்தார். கையெல்லாம் கரியோடு பெயிண்டரிடம் சொன்னார்: "நீங்க ஒருத்தராவது சொன்னபடி செஞ்சீங்க. அந்த அச்சு இருக்குல்ல? இங்கயும் அடிச்சிடுங்க."

"அச்சு இல்லம்மா. கேட்டவங்களுக்கெல்லாம் நான்தாம்மா குடுத்தேன்."

தலைவி அம்மா நீலப் பெயிண்ட் டப்பாவை அவர் முன்னால் நகர்த்தினார். "சரி, இந்தத் தடவ கையாலயே வரைங்க."

பெயிண்டர் பிரஷைத் தொடவில்லை. "என்னால முடியாதும்மா" என்றார்.

ஆயுசில் முதல்முறையாக ஒருவரிடம் முடியாது என்றார். அதையும் போய் அந்த அம்மாவிடம் சொன்னார்.